புறநீங்கும் நிகழ்ச்சிகள் எல்லாம் சாரா நிகழ்ச்சிகள்தானே? பிழை எங்கே?

வவுனிக்குளத்தாள் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மல்லாவிப் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். உயர்தரம், இணைந்த கணிதம். நிகழ்தகவு வரைக்கும் வந்து அதிலேயே நிற்கிறேன். சூத்திரம் எல்லாம் பாடம். கணக்கைக் கண்டதும் கூட்டுவதா பெருக்குவதா என்று கை நின்றுவிடுகிறது.

தம்முள் புறநீங்கும் நிகழ்ச்சிகள் என்றால் ஒன்று நடந்தால் மற்றது நடக்காது. சாரா நிகழ்ச்சிகள் என்றால் ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பில்லை. சரி, ஒருபோதும் சேர்ந்து வராத இரண்டுக்கு நடுவில் என்ன தொடர்பு இருக்க முடியும்? அப்படியென்றால் புறநீங்குபவை எல்லாம் சாராதவைதானே? ரியூசனில் பாதிப்பேர் அப்படித்தான் எழுதுகிறோம். பிழை என்று சிவப்புக் கோடு விழுகிறது, ஏன் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

கணக்கு இதுதான். ஏயின் நிகழ்தகவு 0.3, பியின் நிகழ்தகவு 0.4. ஏ அல்லது பி நடப்பதற்கான நிகழ்தகவைக் காண வேண்டும். முதல் பகுதியில் இரண்டும் தம்முள் புறநீங்குபவை, இரண்டாம் பகுதியில் சாராதவை. நான் இரண்டுக்கும் 0.7 போட்டேன்.

அடுத்தது நிபந்தனை நிகழ்தகவு, அதாவது ஒன்று நடந்தது என்று தெரிந்த பிறகு மற்றதன் நிகழ்தகவு. இரண்டும் சேர்ந்து நடக்கும் நிகழ்தகவை, நடந்ததெனத் தரப்பட்டதன் நிகழ்தகவால் வகுக்கிறோம். பி நடந்ததெனத் தரப்பட ஏ, ஏ நடந்ததெனத் தரப்பட பி. பின்னத்தின் கீழே இருப்பது மட்டும்தான் மாறுகிறது. அதனால் அப்படி என்ன வித்தியாசம் வந்துவிடும்?

கடைசியாக ஒன்று. அப்பா வயல்காரர். "போன இரண்டு காலபோகமும் மழை பிழைத்தது, இந்த முறை குளம் கட்டாயம் நிரம்பி வான் பாயும்" என்கிறார். அது கணக்கா, நம்பிக்கையா?

தயவு செய்து பையும் பந்தும் வைத்து விளக்காதீர்கள். அதில் பயிற்சி போதும் போதும் என்று செய்துவிட்டேன்.

கரும்பலகை எழுதியது:

பிள்ளை, நான் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். பந்து வேண்டாம் என்கிறாய். ஆறு முகமும் சமமாக விழக்கூடிய, கோடாத தாயக்கட்டை ஒன்றுக்காவது இடம் கொடு.

ஒரே தடவை உருட்டுகிறோம். இரட்டை எண் விழுவது ஏ. 1, 2, 3, 4 இல் ஒன்று விழுவது பி. ஏயின் நிகழ்தகவு 1/2, பியின் நிகழ்தகவு 2/3. இரண்டும் சேர்ந்து நடக்க 2 அல்லது 4 விழ வேண்டும், அது 1/3. இப்போது 1/2 × 2/3 எவ்வளவு? அதுவும் 1/3. ஆகவே ஏயும் பியும் சாராதவை. ஒரே கட்டை, ஒரே உருட்டல், இரண்டு நிகழ்ச்சிக்கும் பொதுவான எண்கள் கூட இருக்கின்றன, அப்படியிருந்தும் சாராதவை. இனி பியில் இருந்து 4ஐ மட்டும் எடுத்துவிடு. 1, 2, 3 என்று ஆகிறது, நிகழ்தகவு 1/2. சேர்ந்து நடக்க 2 மட்டும்தான், 1/6. பெருக்கினால் 1/4 வருகிறது. சாராமை போய்விட்டது.

'தொடர்பில்லை' என்று நீ எழுதியதுதான் உன்னை இழுத்து விழுத்துகிறது. அந்தச் சொல்லைத் தூக்கிப் போடு. சாராமை என்றால் இவ்வளவுதான்: பி நடந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்த பிறகும் ஏக்கு நான் கொடுக்கும் எண் மாறவில்லை. மேலே, பி நடந்தது என்றால் மிச்சம் 1, 2, 3, 4. அதில் பாதி இரட்டை. முன்னும் பாதி, பின்னும் பாதி.

உன் கணக்குக்கு வருவோம். ஏயும் பியும் புறநீங்குபவை என்றால், பி நடந்தது என்று தெரிந்த நிமிடமே ஏயின் நிகழ்தகவு 0.3இல் இருந்து 0க்கு விழுகிறது. ஒரு செய்தி இதைவிடப் பெரிதாக எதை மாற்ற முடியும்? நிகழ்தகவு 0 இல்லாத இரண்டு நிகழ்ச்சிகள் புறநீங்கினால் அவை கட்டாயம் சார்ந்தவை. முதல் பகுதிக்கு 0.3 + 0.4 = 0.7 சரி. இரண்டாம் பகுதியில் சேர்ந்து நடப்பது 0.3 × 0.4 = 0.12. அதை இரண்டு தடவை எண்ணிவிட்டோம், ஒரு தடவை கழிக்க வேண்டும். 0.7 – 0.12 = 0.58.

நிகழ்ச்சிகளை வட்டங்களாக வரையும் வென் வரிப்படத்தில் புறநீங்கலைக் கண்ணால் காணலாம், வட்டங்கள் தொடாமல் நிற்கும். சாராமையைக் காண முடியாது, பெருக்கிப் பார்த்தால்தான் தெரியும். 1933இல் ரஷ்யக் கணிதவியலாளர் கொல்மகோரோவ் நிகழ்தகவை வெளிப்படை உண்மைகளின் மேல் கட்டியபோதும் அப்படித்தான்: புறநீங்குபவற்றைக் கூட்டலாம் என்பது அத்திவாரத்திலேயே இருக்கிறது, சாராமை பிறகு ஒரு வரையறையாக வந்து சேர்கிறது. வகுப்பில் இரண்டையும் ஒரே நாளில், ஒரே பக்கத்தில் எழுதிப் போடுவதால்தான் பிள்ளைகளுக்கு இவை இரட்டைப் பிள்ளைகள் மாதிரித் தோன்றுகின்றன. முப்பது வருடம் நானும் அதே பக்கத்தில்தான் எழுதினேன், பாடத்திட்டம் அப்படி.

நிபந்தனை நிகழ்தகவை வேறு யாராவது சொல்லுங்கள். எனக்குத் தட்டச்சு மெது.

சிவப்புத்தடி எழுதியது:

தங்கச்சி, அதை நான் சொல்கிறேன். எனக்கு மிதிவெடி அகற்றும் வேலை. வீடு தருமபுரம். முகமாலை, பிறகு முல்லைத்தீவுப் பக்கம் என்று சைற் மாறிக்கொண்டே இருக்கும். உயர்தரத்தில் நானும் இணைந்த கணிதம்தான். 2009இல் எழுத வேண்டியது, எழுதக் கிடைக்கவில்லை. கணக்கு மட்டும் விட்டுப் போகவில்லை. முழங்காலில் நின்று மண்ணைச் சுரண்டும் நேரத்தில் மனதில் ஓட்டுவதற்கு அதைவிட நல்ல பொருள் இல்லை.

டிடெக்டருக்கு மிதிவெடி என்றால் என்னவென்று தெரியாது. உலோகத்துக்குத்தான் சத்தம் போடும். இங்கே மண்ணுக்குள் இல்லாத உலோகமா? ஷெல் துண்டு, ரவைக்கோது, ஆணி, தகரப்பேணி, வேலி கட்டிய கம்பி. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளில் சிலர் கொஞ்ச நாள் போனதும் "இந்த மாதிரிச் சத்தம் என்றால் வெடிதான்" என்று தங்களுக்கென்று ஒரு காது வைத்துக்கொள்வார்கள். அந்தக் காதை வைத்து ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் நான் கணக்குக்காகப் போட்டவை, எந்த சைற்றின் எண்ணும் அல்ல.

ஒரு துண்டுக் காணியில் 1000 உலோகப் பொருள்கள் புதைந்து கிடக்கின்றன. அதில் 10 மிதிவெடி, 990 குப்பை. 'அந்த மாதிரிச் சத்தம்' மிதிவெடிகளில் பத்துக்கு ஒன்பதில் வரும். குப்பையில் ஐந்துக்கு ஒன்றில் வரும். அப்படியென்றால் மிதிவெடியில் இருந்து 9 சத்தம், குப்பையில் இருந்து 198 சத்தம். மொத்தம் 207.

மிதிவெடி எனத் தரப்பட, அந்தச் சத்தம் வர நிகழ்தகவு 0.9.
அந்தச் சத்தம் எனத் தரப்பட, மிதிவெடியாக இருக்க நிகழ்தகவு 207இல் 9. சுருக்கினால் 23இல் 1.

கீழே இருப்பது மட்டும்தானே மாறுகிறது என்று கேட்டாய். மாறுவது நீ நிற்கும் இடம். முதலாவதில் பத்து மிதிவெடிகளுக்கு நடுவில் நின்று பார்க்கிறாய், இரண்டாவதில் 207 சத்தங்களுக்கு நடுவில். இரண்டிலும் மேலே இருப்பது அதே ஒன்பது மிதிவெடிதான்.

மறுபக்கமும் பார். அந்தச் சத்தம் வராத பொருள்கள் 793. அதில் மிதிவெடி 1. "793இல் ஒன்றுதானே, விட்டுவிடலாம்" என்று புதுப்பிள்ளை நினைத்தால், அந்த ஒன்றின் மேல் பிறகு யாரோ மாடு கட்டப் போவார்கள். அதனால்தான் காது எவ்வளவு கெட்டிக்காரக் காதாக இருந்தாலும் எங்களுக்கு விதி ஒன்றே: எந்த மாதிரிச் சத்தம் என்றாலும், சத்தம் வந்த ஒவ்வொன்றையும் தோண்டி, என்னவென்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி. நாள் முழுக்க ஆணியும் கோதும் பொறுக்கிக்கொண்டு வருவதைப் பார்த்துச் சனம் சிரிக்கும். கணக்குத் தெரிந்தால் சிரிக்க மாட்டார்கள்.

புறநீங்கலுக்கும் எங்களிடம் ஓர் உதாரணம் உண்டு, இது கரும்பலகை சேருக்கும் பிடிக்கும். தோண்டினேன், ரின்மீன் பேணி ஒன்று வந்தது. சத்தத்துக்குக் காரணம் பேணி, ஆகவே மிதிவெடி இல்லை என்று முடிக்கலாமா? 'பேணி இருக்கிறது', 'மிதிவெடி இருக்கிறது' இரண்டும் புறநீங்குபவை என்று நீ உனக்குள்ளே எடுத்துக்கொண்டால்தான் அப்படி முடிக்கலாம். ஆனால் ஒரே குழியில் மேலே பேணி, கீழே வெடி இருப்பதை எது தடுக்கிறது? பேணியை எடுத்த பிறகு அதே குழிக்கு மேல் டிடெக்டரைத் திரும்பவும் பிடிக்க வேண்டும். புறநீங்கல் என்பது வினாத்தாளில் தந்தால் சரி. வெளியே நீதான் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

சாராமையும் அப்படியே. காட்டில் பாலைப்பழம் விழுந்து கிடக்கிற மாதிரி மிதிவெடி சிதறிக் கிடப்பதில்லை. ஆள் வைத்துப் புதைத்தது. அநேகமாக வரிசை இருக்கும், இடைவெளி இருக்கும். ஒன்று கிடைத்துவிட்டால் அந்த இடைவெளியில் அடுத்தது இருப்பதற்கான நிகழ்தகவு எங்கோ ஏறிவிடும். முதலாவது கிடைத்த செய்தி இரண்டாவதின் எண்ணை மாற்றுகிறது, எனவே சார்ந்தவை. நாங்கள் அந்த இடத்தில் மெதுவாகப் போவது பயத்தினால் மட்டும் அல்ல.

கனகராயனாற்றான் எழுதியது:

அப்பாவின் கேள்விக்கு மட்டும் நான். நானும் வயல்காரன், மாங்குளத்துக்குக் கிட்ட.

இரண்டு போகம் பிழைத்தது என்பதற்காக மூன்றாவதுக்கு மழை கடன்பட்டு நிற்காது. மொன்டே கார்லோ சூதாட்ட மண்டபத்தில் 1913 ஆவணி 18ஆம் திகதி ரூலெட் சக்கரத்தில் கறுப்பு 26 தடவை தொடர்ந்து விழுந்ததாம். "இனிச் சிவப்புத்தான்" என்று ஒவ்வொரு தடவையும் கூட்டிக் கூட்டிக் கட்டியவர்கள் எல்லாம் தோற்றார்கள். சக்கரத்துக்குப் போன தடவை விழுந்தது தெரியாது.

ஆனால் அப்பாவை முழுக்கப் பிழை என்றும் சொல்லிவிடாதே. குளம் சக்கரம் மாதிரி இல்லை, போன மாதத்துத் தண்ணீர் அதில் கிடக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பிய குளத்துக்கு மார்கழியில் ஒரு இராத்திரி மழை போதும். காய்ந்த குளத்துக்கு அதே மழை அடியை நனைக்கத்தான் காணும். 'இன்று நல்ல மழை எனத் தரப்பட, குளம் வான் பாயும்' என்பதற்கே ஒரு எண் கிடையாது, குளம் எவ்வளவு நிரம்பி நிற்கிறது என்பதையும் தர வேண்டும்.

இன்னொன்று, எந்த மழை என்றும் கேட்க வேண்டும். இரணைமடுக் குளத்துக்குத் தண்ணீர் கொண்டு வருவது எங்கள் கனகராயன் ஆறு, வவுனியாப் பக்கத்தில் இருந்து வடக்கே ஓடி வருகிறது. 2018 மார்கழியில் வான்கதவுகளைத் திறந்தபோது வெள்ளம் ஏறியது கீழே கண்டாவளை, முரசுமோட்டைப் பக்கம். ஆற்றின் மேல்பக்கத்தில் என்ன பெய்தது என்று தெரியாமல், தன் முற்றத்து மழையை மட்டும் பார்த்து வெள்ளத்தைக் கணக்குப் பார்க்க முடியாது.

புழுதி விதைப்பா, மழை கண்ட பிறகா என்று அப்பாவைக் கேட்டுச் சொல்லு. அது நிகழ்தகவு இல்லை, ஊர்ப்புதினம்.

வவுனிக்குளத்தாள் எழுதியது:

புழுதி விதைப்புத்தான் அண்ணை, எப்போதும்.

சிவப்புத்தடி அக்கா, 23இல் 1 என்பதை இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். அம்மாவிடம் சொன்னேன், நம்பவில்லை. 0.7உம் 0.58உம் இப்போது விளங்குகிறது சேர்.

ஒரு சந்தேகம். சாராமையைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்கிறீர்கள். ஆனால் எல்லோரும் சும்மா பெருக்கிக்கொண்டுதானே இருக்கிறார்கள்? அக்கா, உங்கள் காணியைத் துப்புரவாக்கிய பிறகு இன்னொரு குழு வந்து பரிசோதிக்கும் என்று கேள்விப்பட்டேன். முதல் குழு தவறவிட 1/10, இரண்டாவது குழு தவறவிட 1/10 என்றால் இரண்டும் தவறவிட 1/100 என்று சொல்லலாம்தானே? இரண்டு குழுவும் வேறு வேறு ஆட்கள்.

சிவப்புத்தடி எழுதியது:

ஆட்கள் வேறு. மண் ஒன்று, வெடி ஒன்று. பி4 போன்ற மிதிவெடிக்கு உடம்பு பிளாஸ்டிக், உள்ளே உலோகம் மிகக் கொஞ்சம். அது ஆழத்தில் கிடந்தால் எனக்குக் கேட்காத சத்தம் அடுத்த குழுவுக்கும் கேட்காது. அதனால் அப்படியான நிலத்தில் டிடெக்டரை நம்பாமல் வாரியால் மண்ணையே கொஞ்சம் கொஞ்சமாக வாரி எடுப்பதும் உண்டு. வேறு ஆள் வேண்டும் என்பதைவிட வேறு முறை வேண்டும். எண்ணை சேர் போட்டுத் தரட்டும், நாளைக்கு விடிய நாலு மணிக்கு வாகனம் வரும்.

கரும்பலகை எழுதியது:

பிள்ளை கேட்ட கேள்வி சின்னக் கேள்வி இல்லை. 1999இல் இங்கிலாந்தில் ஒரு தாய் தன் இரண்டு கைக்குழந்தைகளையும் கொன்றதாகச் சிறைக்குப் போனார். அப்படியான குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் திடீரென இறக்க 8543இல் 1 என்று ஒரு மருத்துவ நிபுணர் சாட்சி சொன்னார். இரண்டு குழந்தைக்கும் அதை அதாலேயே பெருக்கி, ஏழு கோடி முப்பது இலட்சத்தில் 1 என்றார். ஒரே தாய் தகப்பன், ஒரே வீடு, ஒரே பரம்பரை. முதல் மரணம் இரண்டாவதின் எண்ணை மாற்றாது என்று யார் உறுதி செய்தது? போதாததற்கு, அந்த எண்ணைக் கேட்டவர்களுக்கு அதுவே அவர் நிரபராதியாக இருப்பதற்கான நிகழ்தகவு போலவும் பட்டது. நீ முதலில் கேட்ட 'கீழே இருப்பது மட்டும் மாறுகிறது' இங்கே வந்து நிற்கிறது. 2001இல் பிரித்தானியாவின் ரோயல் புள்ளிவிவரச் சங்கம் இந்தப் பெருக்கலுக்கு அடிப்படை இல்லை என்று வெளிப்படையாக அறிக்கை விட்டது. 2003இல் மேன்முறையீட்டில் அவர் விடுதலையானார், அதற்கு, அவர் தரப்புச் சட்டத்தரணிகளுக்குக் காட்டாமல் விட்ட ஓர் ஆய்வுகூட அறிக்கையும் காரணம். பெருக்கல் குறி போடுவது இலகு, அவ்வளவுதான் சொல்லலாம்.

இனி உனக்குப் பயிற்சி. பத்து மிதிவெடியில் ஒன்று ஆழத்தில் கிடப்பது, ஒன்பது மேலே கிடப்பவை. ஆழத்தில் கிடப்பதை ஒரு குழு தவறவிட நிகழ்தகவு 0.55, மேலே கிடப்பதைத் தவறவிட 0.05. எந்த வகை என்று தெரிந்த பிறகு இரண்டு குழுவின் தவறுகளும் சாராதவை என்று எடுத்துக்கொள். ஒரு குழு தவறவிட நிகழ்தகவு என்ன? இரண்டும் தவறவிட? முதல் குழு தவறவிட்டதெனத் தரப்பட, இரண்டாவதும் தவறவிட? மரவரிப்படம் போடு.

வவுனிக்குளத்தாள் எழுதியது:

போட்டேன் சேர்.

ஒரு குழு: 0.1 × 0.55 + 0.9 × 0.05 = 0.055 + 0.045 = 0.1. நான் கேட்ட அதே 1/10!

இரண்டும்: 0.1 × 0.55 × 0.55 + 0.9 × 0.05 × 0.05 = 0.03025 + 0.00225 = 0.0325. நான் சொன்ன 0.01ஐ விட மூன்று மடங்குக்கும் மேல்.

முதல் குழு தவறவிட்டதெனத் தரப்பட: 0.0325 ÷ 0.1 = 0.325.

0.1 ஆக இருந்தது 0.325 ஆகிவிட்டது, ஆகவே சார்ந்தவை. முதல் குழு தவறவிட்டது என்றாலே அது ஆழத்தில் கிடப்பதாக இருக்க நிகழ்தகவு 0.1இல் இருந்து 0.55க்கு ஏறிவிடுகிறது, அதனால்தானே சேர்?

கரும்பலகை எழுதியது:

அதனாலேதான். விடை மூன்றும் சரி. ஆனால் இரண்டாவது வரியில் 0.55 × 0.55 என்று நேரே பெருக்கியிருக்கிறாய். 'வகை தரப்பட்டால் சாரா நிகழ்ச்சிகள் என்பதால்' என்று அதற்கு முன் ஒரு வரி எழுத வேண்டும். நான் திருத்தினால் அதற்குப் புள்ளி குறைப்பேன்.